மழை முடிந்து வந்த ஜிப்ஸி: முன் நக்கிளும் எர்த் கேபிளும்

வண்டி மாருதி ஜிப்ஸி கிங், எம்ஜி 413 டபிள்யூ, 1298 சிசி பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் வகை). ஓடுவது மலைத் தோட்டப் பாதையில். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஓடை இறங்கி ஏறும். மழைக்காலம் முடிந்து பட்டறைக்கு வந்தபோது குறைகள் நான்கு. 50 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் சுற்றுவதில்லை. இரவில் ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. குறையோடு மருந்தும் சொல்லப்பட்டது: ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்று, புது பேட்டரி, நூறு வாட் பல்பு இரண்டு. மூன்றில் ஒன்றுகூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

சேறு அப்பிய வண்டியை வந்தவுடன் கழுவிவிடுவது பட்டறைகளின் வழக்கம். அதற்கு முன் டார்ச் அடித்து அடியில் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். எங்கே சேறு ஈரமாக, கறுத்து இருக்கிறதோ அங்கேதான் கசிவு. கழுவிய பிறகு எல்லாமே பளபளப்புத்தான், தடயம் போய்விடும். கழுவும்போதும் பிரஷர் ஜெட்டை ஆயில் சீல், பிரீதர் (அச்சு மூச்சுவிடும் துளை), வயரிங் கனெக்டர் பக்கம் காட்டக் கூடாது. ஓடையில் போகாத தண்ணீரை ஜெட் உள்ளே தள்ளிவிடும்.

உதறல் எங்கிருந்து வருகிறது

இந்த வண்டியில் முன் அச்சு ஒரே தண்டு, பட்டை ஸ்பிரிங், மூடிய நக்கிள். அதாவது அச்சுக் குழாயின் முனையில் ஒரு பெரிய உருண்டை. அதன் மேல் நக்கிள் தொப்பி மாதிரி உட்கார்ந்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கிங்பின் பேரிங்கில் திரும்புகிறது. அந்த பேரிங்கின் இறுக்கம் தளர்ந்தால் உதறல் தொடங்கும். டேம்பர் போட்டால் ஆறு மாதம் அடங்கியிருக்கும், பிறகு டேம்பரும் போகும்.

பார்க்கும் முறை எளிது. டயர் காற்றைச் சரிபார்த்த பின் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டவும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கிங்பின். டிஸ்க்கை காலிப்பர் பிடிக்கிறது, காலிப்பர் நக்கிளில் இருக்கிறது. ஆகவே பிரேக் பிடித்தபின் மிச்சமிருக்கும் ஆட்டம் நக்கிளுக்கும் அச்சுக்கும் நடுவில்தான். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் மட்டும் தெரிவது டை ராடு எண்ட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு. இந்த வண்டியில் இடது கிங்பின் ஆட்டம் கையிலேயே தெரிந்தது, வலது லேசாக. இரண்டு பக்கமும் பிரிப்பது என்று முடிவு. ஒரு பக்கம் மட்டும் செய்தால் மறு பக்கம் அடுத்த மழைக்கு வந்து நிற்கும், கூலி இரண்டு தடவை.

வழிவது எண்ணெயா கிரீஸா

நக்கிளில் கசிவு என்றால் பெரிய உருண்டையின் சீலை மாற்றிவிட்டு அனுப்புவார்கள். மாதம் ஒன்றில் திரும்பி வரும். வழிவதை விரலில் தொட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். கெட்டியாக, கறுப்பாக இருந்தால் நக்கிளுக்குள் இருக்கும் மோலி கிரீஸ். பெரிய சீல் தேய்ந்திருக்கிறது. நீர்த்து, கியர் ஆயிலின் கந்தக நாற்றம் அடித்தால் டிஃபரன்ஷியல் எண்ணெய் வருகிறது. அச்சுக் குழாய்க்குள் இருக்கும் சின்ன ஆயில் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் கிரீஸைக் கரைத்து, ஆக்சில் முனையின் ஜாயிண்டைக் (சக்கரம் திரும்பினாலும் வளைந்துகொடுத்துச் சுழலும் மூட்டு) கழுவிவிட்டு வெளியே வழிகிறது. பெரிய சீல் கிரீஸைப் பிடிக்கத்தான், எண்ணெயைப் பிடிக்க அல்ல. இங்கே வழிந்தது எண்ணெய்.

ஆகவே வாங்கிய பட்டியல், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து: கிங்பின் பேரிங் 4, பெரிய சீல் செட் 2, உள் ஆயில் சீல் 2, வீல் பேரிங் சீல் 2, லாக் வாஷர் 2, மோலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த லித்தியம் கிரீஸ் 1 கிலோ, ஜி.எல்-5 80டபிள்யூ-90 கியர் ஆயில் 5 லிட்டர் டின். முன் அச்சு ஏறக்குறைய 2 லிட்டர், பின் அச்சு ஒன்றரை பிடிக்கும். அலசுவதற்கு மலிவான ஆயில் தனியாக, ஒரு தடவைக்கு 4 லிட்டர்.

பிரிப்பதும் பூட்டுவதும்

முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிலை உருவும்போது சட்டையில் கொட்டும். வடிக்கும் போல்ட்டுக்கு முன்னால் நிரப்பும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவும். வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் துருப்பிடித்து வராமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும்.

காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங் பட்டையில் கம்பி போட்டுக் கட்டவும். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஹப் மூடி, சர்க்ளிப், பிறகு லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி நட். இந்த நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்துக் கழற்றிய வண்டிகளே அதிகம். சாக்கெட் வாங்கிவிடுவது நல்லது, அடிபட்ட நட் மறுபடி சரியான இறுக்கத்தில் நிற்காது. ஹப்பும் டிஸ்க்கும் வந்தபின் ஸ்பிண்டிலை பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி எடுத்தால் ஆக்சிலும் ஜாயிண்டும் தெரியும். ஆக்சிலை இரண்டு கையாலும் தாங்கி நேராக உருவவும். தண்டின் எடை சீல் மேல் விழுந்தால் உதட்டைக் கிழித்துவிடும். எடுக்கும்போது பரவாயில்லை, திரும்பப் போடும்போது அதே தவறு புது சீலைத் தின்றுவிடும்.

டை ராடு எண்டை புல்லர் வைத்துக் கழற்றவும். பெரிய சீலைப் பிடித்திருக்கும் வளையத்தில் 8 சின்ன போல்ட், பத்து எண் ஸ்பேனர். துருவில் தலை முறியக்கூடியவை இவைதான். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி வைத்தால் முறியாது. மேல், கீழ் கிங்பினுக்கு நான்கு நான்கு போல்ட். கிங்பினுக்கு அடியில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகள்) எந்தப் பக்கம், மேலா கீழா என்று எழுதிக் கட்டி வைக்கவும். கீழ் கிங்பினை எடுக்கும்போது பேரிங் தானாக விழும், கையைக் கீழே வைத்திருக்கவும்.

இந்த வண்டியின் இடது கீழ் பேரிங்கில் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் இல்லை, துருச் சேறு. பேரிங் கப்பில் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) வரிசையாகக் குழிகள், நகத்தை வைத்துத் தேய்த்தால் 'கிர்' என்று தட்டும். உள்ளே புகுந்த தண்ணீர் தங்குவது கீழேதான். மேல் பேரிங் ஏறக்குறைய புதிதாக இருந்தது. குழி விழுந்த கப்பை வைத்துக்கொண்டு ஷிம்மைக் குறைத்து இறுக்கினால் சக்கரம் நேர் நிலையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல் பிடிக்கும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. கப்பை மாற்றத்தான் வேண்டும். பழையதைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்து, புதியதை இறக்கப் பழைய கப்பையே மேலே வைத்து அடித்தால் நேராக உட்காரும். கடைசியில் சத்தம் மாறும், 'டப்' என்றிருந்தது 'டங்' என்று கேட்கும். அடி தொட்டுவிட்டது என்று பொருள்.

உருண்டையின் மேற்பரப்பை 400 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் துருவை எடுக்கவும். ஆழமான குழி இருந்தால் எபாக்சி நிரப்பி வழுவழுப்பாகத் தேய்க்கலாம். அப்படியே விட்டால் அந்தக் குழியே புது சீலை அரம் மாதிரி அறுக்கும். குழாய்க்குள் இருக்கும் உள் சீலை நெம்பி எடுத்து, புதியதை உதடு டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்குமாறு, சரியான அளவு சாக்கெட் வைத்துச் சமமாகத் தட்டி இறக்கவும்.

அடுத்தது பலர் தாண்டிவிடும் இடம். சீல் இல்லாமல், ஜாயிண்ட் இல்லாமல், நக்கிளை வெறும் பேரிங்கில் மட்டும் பூட்டி இறுக்கம் அளக்க வேண்டும். டை ராடு துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, செங்கோணத்தில் மெதுவாக இழுக்கவும். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு காட்ட வேண்டியது 1 முதல் 1.8 கிலோ. குறைந்தால் ஷிம் எடு, கூடினால் ஷிம் சேர். பழைய ஷிம்களோடு முதல் அளவு 600 கிராம். மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்ததும் 1.4 கிலோ, அங்கேயே நிறுத்தியாயிற்று. நிறைய எடுக்க வேண்டி வந்தால் மேலும் கீழும் பிரித்து எடுக்கவும், ஒரே பக்கம் எடுத்தால் நக்கிளின் மையம் நகரும். சீலோடு சேர்த்து அளந்தால் சீலின் உராய்வையும் பேரிங்கின் இறுக்கம் என்று தராசு சொல்லிவிடும். மீன் கடையில் தொங்கும் தராசு போதும், ஆனால் கை மதிப்பு போதாது.

அளந்தபின் மறுபடி கழற்றி, சீல் வளையம், ஃபெல்ட், ரப்பர் மூன்றையும் முதலில் உருண்டையைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டுத்தான் நக்கிளைப் பூட்ட வேண்டும். எல்லாம் பூட்டியபின் வளையம் மேசையில் கிடப்பதைப் பார்க்கும் அனுபவம் இந்த வேலையில் எல்லோருக்கும் ஒருமுறை வரும். பிரிக்கும்போதே செல்போனில் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாயிண்டை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு குண்டும் ஓடும் பள்ளத்தில் நீலமோ உரிதலோ இருக்கிறதா என்று பார்க்கவும். சக்கரத்தை முழுக்க ஒடித்து ஃபோர் வீலில் ஓட்டும்போது 'கட கட' என்று அடித்த வண்டியானால் ஜாயிண்டே முடிந்தது, கிரீஸ் காப்பாற்றாது. இதில் நன்றாகத்தான் இருந்தது. குண்டுகளுக்கு அடியில் போகும்வரை கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பி, நக்கிள் அறையில் பாதிக்குச் சற்று மேல் வரை போடவும். அறை முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளும்.

அச்சுக்குள் தண்ணீர் எப்படி வந்தது

வடித்த எண்ணெய் முன் அச்சிலும் பின் அச்சிலும் பால் ஊற்றிய காபி நிறம். சீல் மேல் பழி போடுவதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும். பின் அச்சின் பிரீதரில் செம்மண் உறைந்து கல்லாகியிருந்தது. வாயால் ஊதினால் காற்றே போகவில்லை.

மலை ஏறி வரும்போது அச்சு 70 டிகிரி சூடு. அப்படியே 20 டிகிரி ஓடைத் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று 15 சதவீதம் சுருங்கப் பார்க்கிறது. பிரீதர் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதற்குச் சமம். ஆயில் சீலின் உதடு உள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்க அமைந்தது. வெளியிலிருந்து உறிஞ்சினால் உதடு தூக்கிக்கொண்டு வழிவிடும். முழங்கால் ஆழ ஓடை போதும்.

அலசுவதற்கு டீசல் ஊற்றி ஓட்டும் பழக்கம் வேண்டாம். கிரவுன் பினியன் அந்தச் சில நிமிடங்கள் எண்ணெய்ப் படலம் இல்லாமல் உரசும். மலிவான 80டபிள்யூ-90 ஊற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டிச் சூடாகவே வடித்தால் போதும். முதல் தடவை வெளுத்து வந்தது, இரண்டாவது தடவை தெளிந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டியில் சில சொட்டு எடுத்து அடுப்பில் காட்டுங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. வடிப்பு போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. ஊசி போலவோ செதில் போலவோ இரும்பு ஒட்டியிருந்தால் மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.

பிரீதரை இரண்டு அச்சிலும் எரிபொருள் ஹோஸ் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோனோம். முன்னது எஞ்சின் அறையின் பின்சுவரில் மேலே, பின்னது பாடிக்குள் டெயில் லைட் உயரத்தில். நுனியில் ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டர். அச்சு மேலும் கீழும் போகுமளவு ஹோஸில் தொய்வு விடவும்.

'டக்' சத்தம்

பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே பேட்டரி முனைகளில் பார்த்தால் 11.6. இந்த ஒரு எண்ணிலேயே பேட்டரி தப்பித்துவிட்டது. பேட்டரி தளர்ந்திருந்தால் செல்ஃப் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே விழும். விழாமல் நிற்கிறது என்றால் கரண்ட் போகவே இல்லை, வழியில் எங்கோ தடை.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வைக்கவும். கிளாம்பில் வேண்டாம், ஈயக் கம்பத்திலேயே. மறு முனை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஒரு போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரலாம். இங்கே 3.9. மறு முனையை பாடிக்கு மாற்றினால் 0.1 மட்டும். ஆக பேட்டரியிலிருந்து பாடிக்கு வழி சரி, பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டைதான் நோயாளி. உறுதிசெய்ய ஜம்பர் கேபிளால் நெகட்டிவ் கம்பத்தையும் எஞ்சினையும் நேராக இணைத்தோம்; முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட்.

பட்டையைக் கழற்றிப் பார்த்தால் மேலே உறை நன்றாகத்தான் இருக்கும். லக்குக்கு (நுனியில் போல்ட் போடும் உலோகக் காது) அரை அங்குலம் தள்ளி மடக்கிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, பாடி ஆடவில்லை. நடுவில் இருக்கும் பட்டை ஒவ்வொரு கல்லுக்கும் வளைந்து நிமிர்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சத்தை ஈரம் தின்கிறது. கணக்கும் இரக்கம் காட்டாது: செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். மீட்டரில் சும்மா தொட்டுத் தடை பார்த்தால் பூஜ்யம் என்றுதான் காட்டும், கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வரும்.

இதை விட்டுவைத்தால் இன்னொரு ஆபத்து. எர்த் பட்டை முழுதாக அறுந்தபின் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் இரும்பு வேறென்ன? ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும். செல்ஃப் போடும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் உறையிலிருந்து புகை வந்தாலோ, உள்கம்பி உறையோடு ஒட்டிக்கொண்டாலோ கேபிளை மாற்றுவதற்கு முன் எர்த்தை மாற்றுங்கள். இந்த வண்டியின் கேபிள் உறை ஒரு மடிப்பில் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது.

புதுப் பட்டைக்கு 25 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள், இழைகள் மெல்லியவை, நன்றாக வளையும். லக்கை அறுகோண கிரிம்பரில் அழுத்தவும். ஈயம் ஊற்றுவதைத் தவிர்க்கவும்: ஈயம் இழைகளுக்குள் ஊறிக் கெட்டியாகும், கெட்டி முடியும் இடத்தில் முறியும். மேலே பசை உள்ள சுருங்கு குழாய். பாடியில் லக் உட்காரும் இடத்தில் பெயிண்டை வட்டமாகச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி. இரண்டாவது பட்டை ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்கும் போட்டோம். மறுபடி அளந்தபோது 0.14 வோல்ட். சார்ஜிங்கும் அதோடு சரியாயிற்று. ஆல்டர்னேட்டர் முனையில் 14.3 இருந்தும் பேட்டரிக்கு 13.3 மட்டுமே வந்துகொண்டிருந்தது, இப்போது 14.1.

மஞ்சள் வெளிச்சம்

எர்த் பட்டை மாற்றியபின் எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரியில் 13.8. பல்பின் முதுகில் 11.3. வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 மடியில் ஏறி இறங்கும், அதனால் இந்த 2.5 வோல்ட் இழப்புக்கு வெளிச்சம் பாதி. இதில் நூறு வாட் பல்பு போட்டால் இழப்பு இன்னும் கூடி, ஹோல்டரும் சுவிட்சும் உருகும்.

இழப்பைப் பிரித்துப் பார்த்தால் எர்த் பக்கம் 0.9, வரும் பக்கம் 1.6. எர்த் பக்கம் ஒரு துருப்பிடித்த திருகு. சுரண்டிப் பூட்டியதும் போயிற்று. மற்றது பழைய மெல்லிய வயரும் ஸ்டீயரிங் சுவிட்சின் தேய்ந்த முனையும். 60 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 10 ஆம்பியர். அந்தச் சுமையைச் சுவிட்ச் சுமக்கத் தேவையில்லை. 30 ஆம்பியர் ரிலே இரண்டு, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 30-ஆம் முனை, 87-லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் வயர் 85, 86 முனைகளை மட்டும் இயக்கும். தொடங்குவதற்கு முன் டெஸ்ட் லாம்ப் வைத்து, சுவிட்ச் பாசிட்டிவை வெட்டுகிறதா எர்த்தை வெட்டுகிறதா என்று பார்த்துவிடவும். வண்டிக்கு வண்டி மாறும், தவறினால் ரிலே இழுத்தபடியே நிற்கும். ரிலேயை முனைகள் கீழே பார்க்கப் பொருத்தி, வயரை ஒருமுறை கீழே வளைத்து மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இப்போது பல்பில் 13.4.

மிச்சம்

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். ஆக ஷாஃப்ட் மூன்று. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது 'டங்' என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஷாஃப்ட் முனையின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு), பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட். கிராஸ் மூடியைச் சுற்றிப் பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. இதில் குட்டை ஷாஃப்டின் ஒரு கிராஸ் மாற்றியாயிற்று. கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்ட் கோடு போடாவிட்டால், பூட்டியபின் புது அதிர்வு ஒன்று இலவசமாக வரும்.

ரேடியேட்டர் துடுப்புகளில் இருந்த மண்ணை எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, தண்ணீர்க் குழாயின் சாதாரண வேகத்தில் கழுவியாயிற்று. பின் டிரம்மைக் கழற்றினால் ஒரு கை நிறைய வண்டல். ஷூ நன்றாக இருந்தது, சுத்தம் செய்து பூட்டியாயிற்று. முன் வலது பட்டை ஸ்பிரிங்கில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் தளர்வு: ஸ்பிரிங் முன் கண்ணிலிருந்து அச்சு வரை இரு பக்கமும் அளந்தால் 7 மி.மீ. வித்தியாசம் இருந்தது. போல்ட் மாற்றியதும் சமம்.

500 கி.மீ. கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறது: யு போல்ட் நான்கு ஜோடியும் மறுபடி இறுக்க, எர்த் முனைகளில் மீட்டர் வைக்க, நக்கிள் உருண்டையைத் துணியால் துடைத்துப் பார்க்க. லேசான கிரீஸ் படலம் இருக்கலாம். சொட்டு நிற்கக் கூடாது.